முகம் பாராத துக்கம்

நங்கநல்லூர்க்காரரான டோண்டு ராகவன் 2013 பிப்ரவரியில் காலமானார். பொறியியல் படித்தவர். ஜெர்மன், பிரெஞ்சு இரண்டிலிருந்தும் தொழில்நுட்ப ஆவணங்களை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். தமிழ் யூனிகோடு பரவத் தொடங்கிய காலத்தில் இணையத்தில் எழுத வந்து, ஓய்வே இல்லாமல் எழுதினார். வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்குப் பதில், ‘நங்கநல்லூர் பஞ்சாமிர்தம்’ என்ற தலைப்பில் துணுக்குகள், அரசியலில் யாருக்கும் இறங்கிப்போகாத வாதம் என்று அவருடைய நாள்கள் நகர்ந்தன. அவர் போன செய்தி பரவியதும் அஞ்சலி எழுதியவர்களில் அவரோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களும் இருந்தார்கள். அவரை ஒருமுறைகூட நேரில் பார்க்காதவர்களும் இருந்தார்கள்.

இவர்கள் உறவினர் இல்லை, தெருக்காரர் இல்லை, கூடப் படித்தவர்களும் இல்லை. ஒருவருடைய எழுத்தை மட்டும் பழகியவர்கள். அந்த எழுத்து நின்றுபோனதும் நெஞ்சில் ஏற்பட்ட பாரத்தை என்னவென்று சொல்வது, யாரிடம் சொல்வது என்ற தடுமாற்றம் அந்த அஞ்சலிகள் பலவற்றிலும் தெரிந்தது.

இந்தத் தடுமாற்றம் இன்று தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை, மேடவாக்கத்திலிருந்து முடிச்சூர் வரை எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. தென்சென்னைப் புறநகர் என்பதே வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர். பிறந்த ஊர் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு நாட்டில். பேச்சுத்துணை பலருக்குக் கைப்பேசிக்குள்தான் இருக்கிறது. மாடித்தோட்டக் குழு, பறவை பார்ப்போர் குழு, சதுரங்கம் ஆடும் செயலி, பழைய பாடல் ரசிகர் குழு, ஒரே நோயோடு போராடுவோர் சேர்ந்த குழு. அங்கே கிடைத்த நண்பர் ஒருநாள் இறந்துபோகிறார். வீட்டில் சொன்னால், ‘அவரை நீ பார்த்ததுகூட இல்லையே’ என்ற பதில்தான் முதலில் வருகிறது. பார்க்காத ஒருவருக்காக மனம் இப்படி வலிக்க நியாயம் உண்டா என்று துக்கப்படுபவருக்கே ஒரு வெட்கம் வந்துவிடுகிறது.

நியாயம் உண்டு என்பதற்குத் தமிழில் மிகப் பழைய சாட்சி இருக்கிறது. உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த ஆந்தையாரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. புகழையும் பாட்டையும் கேட்டு வளர்ந்த நட்பு அது. பிள்ளைகளோடு பகைத்து மனம் வெறுத்த சோழன் வடக்கிருந்து உயிர்விடத் (உண்ணாநோன்பிருந்து சாக) துணிந்தபோது, பிசிராந்தையார் வருவார், அவருக்கு ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். பார்த்தே பழகாதவர் சாகும் நேரத்தில் வருவாரா என்று சுற்றியிருந்தவர்கள் ஐயப்பட்டார்கள். வந்தார், தாமும் வடக்கிருந்து உயிர்விட்டார். புறநானூற்றில் 212 முதல் 223 வரையுள்ள பாடல்களில் பெரும்பாலானவை இந்தச் சாவைச் சுற்றியே நிற்கின்றன. அவற்றில் சோழனே பாடிய ஒரு பாட்டில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு: பிசிராந்தையாரிடம் பெயர் கேட்டால் அவர் தம் பெயரைச் சொல்லாமல் சோழனின் பெயரையே சொல்வாராம். திருக்குறளின் நட்பு அதிகாரத்தில், நட்புக்கு நேர்ப்பழக்கம் தேவையில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்று வரும் இடத்தில் பரிமேலழகர் எடுத்துக்காட்டுவதும் இந்த இருவரைத்தான்.

புலவர்கள் வியந்த இந்த நட்பு மூளையில் எப்படி உருவாகிறது என்பதைக் கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் ஓரளவு காட்டியிருக்கின்றன.

இணையம் வந்த புதிதில், எழுத்து வழியே வரும் உறவு மேலோட்டமானதாகவே இருக்கும் என்று பல ஆய்வாளர்கள் நினைத்தார்கள். முகபாவம் இல்லை, குரல் இல்லை, கைகுலுக்கல் இல்லை என்பது அவர்கள் வாதம். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆய்வாளர் ஜோசப் வால்த்தர் 1992இல் இதை மறுத்தார். எழுத்தில் நெருக்கம் மெதுவாக வளரும், ஆனால் போதிய காலம் கொடுத்தால் நேர்ப்பழக்கத்தின் அளவை எட்டிவிடும் என்றார். 1996இல் இன்னும் ஒருபடி மேலே போனார். எழுதுபவர் யோசித்து, நிதானமாக, தன்னுள் இருப்பதில் நல்லதைத் தேர்ந்து எழுதுகிறார். படிப்பவர் விட்டுப்போன இடங்களைத் தன் நல்லெண்ணத்தால் நிரப்பிக்கொள்கிறார். இதனால் சில நேரம் எழுத்து வழி நெருக்கம் நேர்ப்பழக்கத்தையே மிஞ்சிவிடும் என்பது அவர் கண்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பத்து ஆண்டு பேசியும் சொல்லாத ஒன்றை, இரவு பதினொரு மணிக்கு முகம் தெரியாத நண்பரிடம் எழுதிவிட முடிவது இதனால்தான்.

மனம் திறந்து பேசுவதே நெருக்கத்தின் விதை. ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவரை உட்காரவைத்து 36 கேள்விகளை ஒருவரையொருவர் கேட்கச் செய்தார். கேள்விகள் போகப்போக அந்தரங்கமாகும். முக்கால் மணி நேரத்தில் அவர்களுக்கிடையே வந்த நெருக்கம், சும்மா அரட்டை அடித்தவர்களுக்கு வந்ததைவிட அதிகம். ஹார்வர்டில் டயானா தமீர், ஜேசன் மிட்செல் இருவரும் 2012இல் மூளை ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, தன்னைப் பற்றிச் சொல்லும்போது மூளையின் வெகுமதி மண்டலங்கள் விழித்துக்கொள்வது தெரிந்தது. சாப்பாடும் பணமும் தூண்டும் அதே பகுதிகள். தன்னைப் பற்றிப் பேசும் வாய்ப்புக்காக, கிடைக்கவிருந்த காசில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கவும் ஆட்கள் தயாராக இருந்தார்கள். அப்படியானால், பல ஆண்டுகள் பொறுமையாகக் கேட்ட ஒரு ஜோடிக் காதுகள் திடீரென்று இல்லாமல் போவது சின்ன விஷயமாக எப்படி இருக்க முடியும்?

மானிடவியலாளர் ராபின் டன்பார் சொல்லும் கணக்கு இதை இன்னும் தெளிவாக்குகிறது. மனித மூளையால் சுமக்க முடிந்த உறவுகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 150 பேர். அதற்குள்ளும் அடுக்குகள்: உயிருக்கு உயிராக 5 பேர், அடுத்து 15, பிறகு 50. சமூக ஊடகம் இந்த எல்லையை உடைத்துவிட்டதா என்று 2016இல் அவர் பிரிட்டனில் ஆராய்ந்தார். உடைக்கவில்லை. நூற்றுக்கணக்கில் நண்பர் பட்டியல் வைத்திருப்பவர்களும், நெருக்கடியில் யாரிடம் போவீர்கள் என்று கேட்டால் 4 பேரைத்தான் சொன்னார்கள். ஆறுதல் எதிர்பார்க்கக்கூடியவர்கள் 14 பேர் அளவில் நின்றார்கள். ஆகவே இணைய நண்பர் ஒருவர் நெருக்கமாகிவிட்டால் அவர் தனியாக ஒரு பட்டியலில் இருப்பதில்லை. அந்த ஐந்தில் ஒன்றோ பதினைந்தில் ஒன்றோ அவருடையது. அவர் போனால் காலியாவது அந்த இடம்தான்.

எழுத்து வழி நெருக்கத்துக்கு எதிர்ச்சான்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லெஸ்லி செல்ட்சரும் குழுவினரும் 7 முதல் 12 வயதுச் சிறுமிகளுக்கு மேடைப் பேச்சு, மனக்கணக்கு என்று பதற்றம் தரும் வேலைகளைக் கொடுத்தார்கள். பிறகு சிலரை அம்மா வந்து அணைத்துக்கொண்டார். சிலரிடம் அம்மா தொலைபேசியில் பேசினார். 2010இல் வெளிவந்த முடிவின்படி, அணைப்பும் குரலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நெருக்க உணர்வோடு சேர்ந்த ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைத்தன. 2012இல் இன்னொரு சோதனை: அம்மாவிடமிருந்து கணினியில் உடனடி எழுத்துச் செய்தி மட்டும். இந்த முறை ஆக்சிடோசின் ஏறவில்லை, பதற்ற ஹார்மோனான கார்டிசாலும் இறங்கவில்லை. எழுத்து நெருக்கத்தை வளர்க்கும். ஆனால் உடம்பைத் தேற்றுவதில் குரலுக்கு இருக்கும் வலு அதற்கு இல்லை. துக்கத்தில் இருப்பவருக்கு ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று இருநூறு பேர் எழுதியும் மனம் ஆறாமல் போவதற்கும், ஒருவர் போன் செய்து ஐந்து நிமிடம் பேசியதும் அழுகை உடைந்து வெளிவருவதற்கும் இதில் ஒரு விளக்கம் இருக்கிறது.

இனி இழப்பின் பக்கம். அரிசோனா பல்கலைக்கழகத்தின் மேரி பிரான்சிஸ் ஓகானர் துக்கத்தை ஒருவகைக் கற்றல் என்கிறார். நெருங்கியவர் ஒவ்வொருவரையும் மூளை ஒரு வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறது: எங்கே இருப்பார், எப்போது கிடைப்பார், எவ்வளவு நெருக்கம். கேரலின் பார்க்கின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், இடத்தின் தூரம், காலத்தின் தூரம், உறவின் தூரம் மூன்றையும் அளக்க மூளையின் பக்கச்சுவர் மடலில் ஒரே பகுதி பயன்படுவது தெரிந்தது. ஒருவர் செத்துப்போனார் என்ற செய்தியை நினைவு ஒரே நொடியில் வாங்கிக்கொள்கிறது. வரைபடம் அவ்வளவு வேகமாகத் திருந்துவதில்லை. நார்வேயின் டிராண்ட்ஹைமில் மோசர் தம்பதியின் ஆய்வகத்தில், 2013இல், எலிகள் நடமாடும் பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். பொருள் இருந்த இடத்துக்கு எலி வரும்போதெல்லாம் சில நரம்புச் செல்கள் துடித்தன, அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் நாள்கணக்கில். இல்லாத பொருளின் தடத்தைக் காக்கும் செல்கள் அவை.

இணைய நண்பருக்கு மூளை குறித்துவைக்கும் இடம் எது? ஊர் அல்ல, வீடு அல்ல. ஒரு நேரமும் ஒரு திரையும்தான். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை முழுக்க ஒரு நண்பரோடு எழுதிப் பேசியே கழிப்பவர்கள் பெட்டிக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். குரோம்பேட்டையில் காலை வணக்கம், பரங்கிமலைக்குள் நேற்றைய ஆட்டத்தின் அலசல், கடற்கரையில் இறங்கும்போது ‘மதியம் பேசலாம்’. அந்த நண்பர் இறந்த பிறகும் பல்லாவரம் தாண்டும்போது கை தானாகப் பையிலிருந்து போனை எடுக்கும். அவர் வீட்டைக் கடந்து போனால் வரும் வலி என்று ஒன்று இல்லை, வீடு எங்கே என்றே தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதே ரயில், அதே நேரம், அதே திரை. துக்கத்தைக் கிளறும் இடம் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கிறது.

ஓகானர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, அம்மாவையோ சகோதரியையோ மார்பகப் புற்றுநோயில் இழந்த பெண்களைப் பற்றியது. இறந்தவரின் படத்தைப் பார்த்தபோது எல்லாருக்கும் வலி தொடர்பான பகுதிகள் விழித்தன. துக்கம் தீராமல் நீடித்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஏக்கத்தோடும் வெகுமதியோடும் சேர்ந்த நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியும் இயங்கியது. அவர்கள் மூளை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது என்று இதை வாசிக்கலாம். செய்தி வந்த ஒலி கேட்டால் அவராக இருக்குமோ என்று பழகிய மூளைக்கு, எதிர்பார்ப்பதை நிறுத்தக் கற்றுக்கொள்வது லேசானதல்ல.

செய்தியே வராமல் போவதுதான் இதில் மிகக் கொடுமையானது. வீட்டில் சாவு என்றால் உடல் இருக்கிறது, பார்க்கிறோம். இணையத்தில் சாவு பெரும்பாலும் மௌனமாகவே வந்து சேர்கிறது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய வணக்கம் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. போன் கெட்டுப்போயிருக்கும், ஊருக்குப் போயிருப்பார், கோபமாக இருப்பார் என்று நாள்கள் ஓடும். சேராத செய்தியை வாட்ஸ்ஆப் 30 நாள் வரை வைத்திருந்துவிட்டு அழித்துவிடுகிறது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பழகி, தெளிவற்ற இழப்பு என்ற கருத்தை முன்வைத்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. ஆளின் உண்மைப் பெயரோ ஊரோ தெரியாத குழுக்களில் இந்த நிலை அடிக்கடி நேர்கிறது. யாரிடம் போய் விசாரிப்பது?

செய்தி உறுதியான பிறகு அடுத்த சுவர் வருகிறது. தாம்பரம் மார்க்கெட் பக்கச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியை உற்றுப் பார்த்தால், துக்கப்படும் உரிமை யாருக்கு என்ற வரிசை அப்படியே இருக்கும். மனைவி, மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், அண்ணன் தம்பிகள், கடைசியில் ‘மற்றும் நண்பர்கள்’. முதல் நாள் மாலை, பால், பதினாறாம் நாள் காரியம், துஷ்டி கேட்க வரும் கூட்டம் என எல்லாம் அந்த வரிசைப்படிதான் நடக்கும். கொரட்டூரிலோ கோலாலம்பூரிலோ இருந்துகொண்டு அவரோடு எட்டு ஆண்டு தினமும் பேசியவருக்கு இதில் இடமில்லை. அவர் அலுவலகத்தில் விடுப்புக் கேட்க முடியாது. கேட்டால் காரணம் சொல்ல முடியாது.

துக்கத்தை ஆராய்ந்த கென்னத் டோக்கா 1989இல் தொகுத்த நூல் இந்த ஏற்கப்படாத துக்கத்தைப் பற்றியது. உறவு ஏற்கப்படாவிட்டால், அல்லது இழப்பு இழப்பாகவே மதிக்கப்படாவிட்டால், துக்கம் குறைவதில்லை. ஆறுதல்தான் குறைகிறது என்றார். அந்த ஆண்டுகளில் எய்ட்ஸால் இறந்தவர்களின் துணைவர்கள் வாய்விட்டு அழவும் முடியாமல் இருந்தது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இந்த இடத்தில் தாம்பரத்துக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. டாக்டர் சௌரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம், 1990களில் எச்ஐவி நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட அரசு மருத்துவமனையாகவும் ஆனது. வேறு பல இடங்களில் கதவு சாத்தப்பட்டவர்கள் அங்கே வந்தார்கள். 2004 ஏப்ரலில் இந்தியா இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. காசநோயோ எச்ஐவியோ, மாதக்கணக்கில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தவர்களுக்குள் வளரும் நட்பை வெளியே யாரும் அறிய மாட்டார்கள். பக்கத்துக் கட்டில் காலியானால் இவருடைய துக்கத்தை விசாரிக்க யார் வருவார்? ஊருக்குத் தெரியாத உறவில் ஏற்படும் இழப்பை மனிதர்கள் ஏற்கெனவே சுமந்திருக்கிறார்கள். கைப்பேசி அதைப் பல மடங்கு வீடுகளுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

2021 மே மாதம் எல்லாருக்குமே இதன் சாயல் தெரிந்தது. கொரோனா இரண்டாம் அலையில் தமிழகத்தில் இறுதிச்சடங்குக்கு 20 பேர் என்ற கட்டுப்பாடு இருந்தபோது, சொந்தத் தாய்மாமனின் சாவைக்கூட வீடியோவில் பார்த்து அழுதவர்கள் ஏராளம். உடலைத் தொடாமல், பால் ஊற்றாமல், யார் தோளிலும் சாயாமல் அழுவது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டவர்கள், இணைய நண்பரை இழந்தவரிடம் ‘பார்த்ததே இல்லையே’ என்று சொல்ல மாட்டார்கள்.

துக்கப்படும் உரிமையை மறுக்கும் இந்தச் சுவர் ஒருமுறை மிக அழகாக உடைந்தது, நார்வேயில். மாட்ஸ் ஸ்டீன் 1989இல் பிறந்தவர். டுஷேன் என்ற தசைநலிவு நோய். சக்கர நாற்காலியில், விரல் மட்டும் அசையும் நிலையில், பல ஆயிரம் மணி நேரம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் கழித்தார். 2014 நவம்பரில் 25 வயதில் இறந்தபோது, பிள்ளை நட்பே தெரியாமல் போய்விட்டானே என்பதுதான் அப்பா ராபர்ட், அம்மா ட்ரூட இருவரின் பெரிய வருத்தம். மகனின் இணையப் பக்கத்தின் கடவுச்சொல் அவர்களிடம் இருந்தது. அதில் மரணச் செய்தியை எழுதி, தம் மின்னஞ்சல் முகவரியையும் போட்டார் ராபர்ட். பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. விளையாட்டுக்குள் அவர் பெயர் இபெலின். ஸ்டார்லைட் என்ற குழுவில் பலருக்கும் அவர்தான் ஆலோசகர், ஆறுதல். பிள்ளையோடு பேச்சற்றுப் போன ஒரு தாய்க்கு வழிசொன்னவரும் அவரே. நோயைப் பற்றி வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை. அவரை ஒருமுறையும் பார்த்திராத குழுவினர் சிலர் வேறு நாடுகளிலிருந்து விமானமேறி இறுதிச்சடங்குக்கு வந்தார்கள். பெஞ்சமின் ரீ இயக்கிய ஆவணப்படம் 2024இல் இந்தக் கதையை உலகுக்குச் சொன்னது. ஸ்டார்லைட் குழு ஆண்டுதோறும் விளையாட்டுக்குள்ளேயே கூடி அவரை நினைக்கிறது.

அந்தக் கூடுகையைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கக் கூடாது. மைக்கேல் நார்டன், ஃபிரான்செஸ்கா ஜினோ இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, இழப்புக்குப் பின் ஏதாவது ஒரு சடங்கைச் செய்தவர்களின் துக்கம் தணிந்தது. அது மதச் சடங்காக இருக்க வேண்டியதில்லை, கூட்டமும் தேவையில்லை; நிலைமை தன் கைமீறிப் போகவில்லை என்ற உணர்வை அது திருப்பித் தந்தால் போதும். பறவை பார்ப்போர் குழு இறந்த நண்பரின் பெயரில் ஒருநாள் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து நின்று எண்ணிக்கை எடுக்கலாம். பாடல் குழு அவர் பதிவிட்டவற்றை ஒரு மாலை முழுக்கக் கேட்கலாம். பதினாறாம் நாளில் குரல் அழைப்பில் எல்லாரும் கூடிப் பேசலாம். குரலுக்கு இருக்கும் வலுவை மேலே பார்த்தோம். எழுதிவிட்டுப் போவதைவிடப் பேசுவது நல்லது.

இறந்தவரோடு உள்ள பந்தத்தை அறுத்தால்தான் துக்கம் தீரும் என்ற பழைய உளவியல் பாடமும் இன்று மாறிவிட்டது. கிளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும் 1996இல் தொகுத்த நூலுக்குப் பிறகு, உறவு வடிவம் மாறித் தொடர்வது இயல்பே என்று ஆய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டார்கள். தமிழ் இணையத்தில் இதற்கு நல்ல உதாரணம் அதிராம்பட்டினம் உமர்தம்பி. யூனிகோடு தமிழ் பலருடைய கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில், ‘தேனீ’ எழுத்துருவையும் வேறு பல கருவிகளையும் செய்து காசு வாங்காமல் கொடுத்தவர். 2006 ஜூலையில் காலமானார். அவர் எழுத்துருவில் அதன் பிறகும் பல தளங்கள் இயங்கின. அவரை மின்னஞ்சலில் மட்டும் அறிந்தவர்கள் அவர் செய்த எழுத்திலேயே தங்கள் அடுத்த வரியை எழுதினார்கள்.

துக்கம் எவ்வளவு நாள் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11 வரையறை, ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் தணியாமல் அன்றாட வாழ்வே முடங்கினால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேடு பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது. இயற்கையான காரணங்களால் நேர்ந்த சாவுகளில், துக்கப்படுவோரில் பத்தில் ஒருவருக்கு இப்படி நேரலாம் என்பது ஆய்வுகளின் மதிப்பீடு. மற்றவர்கள் அழுகைக்கும் அன்றாட வேலைக்கும் இடையே மாறிமாறிப் போய்வந்து மெல்லத் தேறுகிறார்கள். இறந்தவர் யார், நேரில் பழகியவரா என்ற கேள்வி இந்த வரையறைகளில் இல்லை. அவர் துக்கப்படுபவருக்கு நெருக்கமானவரா என்பதே கேள்வி. பேச ஆள் இல்லாதவர்களுக்கு ‘டெலி மானஸ்’ என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

இணையத்தில் சேர்ந்துகொண்டே போகும் கணக்குகளை நினைத்தால் இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகப் போகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் கார்ல் ஓமன், டேவிட் வாட்சன் இருவரும் 2019இல் போட்ட கணக்குப்படி, 2018க்குப் பிறகு ஒருவர்கூடப் புதிதாகச் சேராவிட்டாலும் 2100க்குள் குறைந்தது 140 கோடி ஃபேஸ்புக் உறுப்பினர்கள் இறந்திருப்பார்கள். 2070 வாக்கிலேயே இருப்பவர்களைவிட இறந்தவர்கள் அங்கே அதிகமாகிவிடலாம். வாட்ஸ்ஆப் இன்னொரு வகை. துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண்ணை 90 நாளுக்குப் பிறகு நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுக்கலாம். புதியவர் அதே எண்ணில் கணக்குத் தொடங்கினால், 45 நாள் இயங்காமல் கிடந்த பழைய கணக்கின் படமும் விவரமும் நீக்கப்படும். ஒருநாள் காலையில், அழிக்க மனமில்லாமல் வைத்திருந்த நண்பரின் பெயருக்கு நேரே அறிமுகமே இல்லாத ஒரு குழந்தையின் படம் தெரியும். அதைப் பார்த்து அதிர்ந்துபோகிறவர்களிடம், அந்த எண்ணை வைத்திருப்பவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்று முன்கூட்டியே யாராவது சொல்லிவைப்பது நல்லது. பழைய உரையாடலைத் தனியாகச் சேமித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது, எண் கைமாறுவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

நிறுவனங்கள் தங்கள் அளவில் சில ஏற்பாடுகளைச் செய்திருக்கின்றன. ஃபேஸ்புக் 2009இல் இறந்தவர் பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. 2015 முதல், தனக்குப் பின் அதைக் கவனிக்க ஒருவரை உயிரோடிருக்கும்போதே நியமித்துவைக்கலாம். கூகுள் 2013இல், கணக்கு சில மாதம் இயங்காவிட்டால் குறித்துவைத்த 10 பேர் வரைக்கும் தானாகத் தகவல் அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியது. இவை எல்லாம் உதவும். ஆனால் மாட்ஸின் நண்பர்களை வரவழைத்தது எந்த நிறுவனத்தின் ஏற்பாடும் அல்ல. அவருடைய அப்பா உட்கார்ந்து எழுதிய ஒரு அறிவிப்பு.

எல்ஐசி பத்திரமும் வங்கி நாமினி விவரமும் வைக்கும் கோப்பில் இன்னொரு தாளும் இருக்க வேண்டும். எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறேன், அங்கே என்ன பெயரில் அறிவார்கள், தகவல் சொல்ல வேண்டிய இரண்டு பேரின் எண் என்ன என்று எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவைக்கலாம். சாவு வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காரியத்துக்கு ஆள் சொல்லும் அலைச்சலுக்கு நடுவே, இறந்தவரின் போனைத் திறந்து அந்தக் குழுக்களில் நான்கு வரி எழுத ஒரு பிள்ளையை உட்காரவையுங்கள். இறந்தவரின் முழுப்பெயர், குழுவில் வழங்கிய பெயர், இறந்த நாள், பதினாறாம் நாள் எப்போது, எங்கே, பேச விரும்புகிறவர்கள் அழைக்க வேண்டிய எண். யார் எழுதுகிறார்கள் என்பதையும் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும், ‘நான் அவருடைய மகள்’ என்று. இல்லாவிட்டால் அப்பாவின் பெயரில் வந்த செய்தியைப் பார்த்து, அவர்தான் திரும்ப வந்துவிட்டார் என்று யாராவது ஒரு நொடி நம்பிவிடுவார்கள்.